கம்பனி மஞ்சள்

சாந்தினி அன்றைக்குக் கேட்டைத் தட்டவில்லை. உதைத்தாள்.

சனிக்கிழமை, காலை எட்டு மணி. விடிய விடியப் பெய்த ஜனவரி மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஷாமளா நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்வாசல் சிமெந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பத்து பாகாட் டவுனில் அந்தத் தாமான் குடியிருப்பில் மற்ற வீட்டுக்காரர்கள் வாரத்துக்கு ஒருதரம் வாசலில் தண்ணீர் ஊற்றினாலே பெரிய விஷயம். இவளுக்குத் தினமும் வேண்டும். முள்ளு பிரஷ், சோப்புத்தூள், முட்டி போட்டு உட்கார்ந்து மூலைமுடுக்கெல்லாம் ஒரு தேய். "என் வீட்டுத் தரையில சோத்தப் போட்டுத் திங்கலாம்" என்று பீற்றிக்கொள்வாள். வெறும் பீற்றல் இல்லை. அவள் பார்த்துக்கொள்கிற நாலு பிள்ளைகளும் பத்து மணிக்கு அந்தத் தரையில் உட்கார்ந்துதான் கரிப்பாப் தின்னும். கீழே விழுந்ததை எடுத்து வாயில் போட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் கைச் சுத்தத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"இதப் பாருங்க! நல்லா கண்ணத் தொறந்து பாருங்க!" சாந்தினி ஒரு தாளைக் கேட் கம்பிக்குள் திணித்தாள்.

"என்னடி காலங்காத்தால? உள்ள வா. ஏன் சவுண்டு போடுற?"

"உள்ளயா? உங்க வாசல்ல கால் வைக்கவே பயமா இருக்கு. லோஷினி ரத்தத்துல ஈயம் இருக்காம். முப்பத்தெட்டு! அஞ்சுக்கு மேல போனாவே ஆபத்தாம். பகல்ல பிள்ளை எங்கம்மா இருக்கும்னு டாக்டர் கேக்குறாங்க. நான் என்னா சொல்ல?"

"ஈயமா? அது எப்புடிடி ரத்தத்துக்குள்ள போவும்? ஈயத்தையா கரைச்சு ஊத்துனேன் நானு?"

"மூணு மாசமா வயித்து வலி, வயித்து வலின்னு சுருண்டு கெடந்துச்சே. நீங்க என்னா சொன்னீங்க? பூச்சி லா, பூச்சின்னீங்க. வேப்பங்கொழுந்த அரைச்சு ஊத்துனீங்க. இப்ப வார்டுல ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் நீலமாக் கெடக்கு."

சாந்தினிக்குச் சட்டை தைக்கிற ஃபேக்டரியில் வேலை. காலை ஏழிலிருந்து ராத்திரி ஏழு வரைக்கும் மெஷினில் காலர் வைத்துத் தைப்பாள். புருஷன் சிங்கப்பூரில் லோரி ஓட்டுகிறான், மாதத்துக்கு இரண்டு தரம் முகத்தைக் காட்டுவான். மகள் லோஷினி ஒரு வயதிலிருந்து ஷாமளாவின் மடியில் வளர்ந்தது. இப்போது நாலு முடிந்து ஐந்து. ஷாமளா ஊட்டினால்தான் வாயைத் திறக்கும்.

ஷாமளாவுக்கு உள்ளுக்குள் பதறியது. ஆனால் அவள் பதறினால் வெளியே வருவது கண்ணீர் இல்லை, ஏச்சு. அது அவள் பிறவிக் குணம்.

"என் வீட்டவிடச் சுத்தமான வீடு இந்த லோரோங்குல எங்கடி இருக்கு? உன் வீட்டுச் செவுத்துல பாசி புடிச்சு வழியுது. மூணு நாள் சட்டி கழுவாம கெடக்கும். அங்கேர்ந்து வந்திருக்கும் பாரு!"

"என் வீட்டுக்கு அது தூங்கத்தான் வருது. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் இங்கதான்."

"நாலு வருசம் தூக்கிச் சொமந்து வளத்தவ நான்டி. என்னையப் பாத்தா…"

"வளத்தீங்க. பெத்தீங்களா? பெத்திருந்தா தெரியும்."

எதிர்வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. ஷாமளாவுக்குப் பிள்ளை இல்லை. அதை கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, சொல்லத் தைரியமும் இருந்ததில்லை. அவள் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே நின்றாள். சாந்தினி மோட்டோவை முறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாசலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாயங்காலமானால் மழை கொட்டுகிற ஊர் இது. அரிசிமாக் கோலம் அரை நாள் தாங்காது. அதனால் தாமான் பெண்கள் சிமெந்தில் பெயிண்டாலேயே கோலம் போட்டுவிடுவார்கள். தீபாவளிக்குத் தீபாவளி பழசைச் சுரண்டிவிட்டுப் புதுசு அடிப்பது வழக்கம். மற்றவர்கள் கோலமெல்லாம் ஆறு மாதத்தில் வெளுத்துப் போகும். ஷாமளாவின் கோலம் வெளுக்காது. ஏனென்றால் அது கம்பனி மஞ்சள். அவள் புருஷன் சதாசிவம் ரோட்டுக்குக் கோடு போடுகிற கம்பனியில் இருபது வருஷமாக வேலை செய்கிறவன். ஆயர் ஈத்தாமிலிருந்து சிம்பாங் ரெங்கம் வரைக்கும் வெயிலில் வெந்து, லோரிகள் உரசிக்கொண்டு போக, கோடு போட்டவன். வேலை முடிந்தால் வாளி அடியில் மஞ்சள் பெயிண்ட் மிச்சம் இருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவருவான். தாமரைப்பூவும் சுற்றிலும் எட்டு மயிலும், பளபளவென்று, வாசல் முழுக்க. காலியான வாளியையும் வீணாக்க மாட்டாள். அதில்தான் தண்ணீர் பிடித்துப் பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுவாள்.

செவ்வாய்க்கிழமை சுகாதார இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மலாய்க்காரப் பெண்மணி, கூட குணாளன் என்று நம்ம பையன் ஒருவன், முப்பது வயதிருக்கும். துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின் வைத்திருந்தான். விளையாட்டுச் சாமான், ஜன்னல் கம்பி, சுவர், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றிலும் வைத்து வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. ஷாமளா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பார்த்தாயா என்கிற மாதிரி நின்றாள்.

கடைசியில் வாசலுக்கு வந்து ஒரு மயிலின் கழுத்தில் வைத்தான். பார்த்துவிட்டு இன்னொரு மயிலில் வைத்தான். அப்புறம் அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் "யா அல்லா" என்றாள்.

"அக்கா, இது என்ன பெயிண்ட்?"

"பெயிண்ட்டு… கோலப் பெயிண்ட்டு."

"இதுலதான் ஈயம் இருக்கு. கொஞ்ச நஞ்சம் இல்ல. கடையில வாங்குன மாதிரி தெரியல, ரோட்டுல, ஃபேக்டரியில அடிக்கிற மஞ்சள் மாதிரி இருக்கு. எங்கேர்ந்து வந்துச்சு?"

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த சதாசிவம் நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டான். "நாங்க வீடு எடுக்கும்போதே இருந்துச்சு தம்பி. வாடகை வீடு. எங்களுக்கு என்னா தெரியும்?"

ஷாமளா அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"சரி. தெனமும் இத எப்புடிக்கா கழுவுறீங்க?"

"முள்ளு பிரஷ் போட்டு நல்லா அழுத்தித் தேய்ப்பேன்" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

குணாளன் தலையைச் சொறிந்தான். "அதுதான்கா பிரச்சன. தேய்க்கத் தேய்க்க பெயிண்ட்டு தூளாயிடும். கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைங்க கையில ஒட்டும், வாய்க்குப் போவும். சுத்தம் பண்ணப் பண்ணத்தான் அதிகமாயிருக்கு."

அந்த வார்த்தை அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் இடுப்பிலிருந்த கையை எடுத்தாள்.

"அப்புறம் இன்னொண்ணு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இத யாராச்சும் காய்ஞ்ச தரையில சுரண்டுனாங்களா? சாண்ட் பேப்பர் போட்டு? அதுதான் ரொம்ப மோசம். பிள்ளைங்க பக்கத்துல இருந்தாங்கன்னா மருந்தையே மாத்திக் குடுக்க வேண்டியிருக்கும்."

யோசிக்க என்ன இருக்கிறது? தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், பலகார மாவெல்லாம் பிசைந்து கை ஓய்ந்துபோய், அவள் பிள்ளைகளைத்தான் உட்கார வைத்தாள். ஆளுக்கு ஒரு துண்டு சாண்ட் பேப்பர். யார் மயிலை முதலில் அழிக்கிறீங்க பார்ப்போம் என்று ஒரு போட்டி. மற்ற மூன்றும் பத்து நிமிஷத்தில் ஓடிப்போயின. லோஷினி மட்டும் நாக்கைத் துருத்திக்கொண்டு மூன்று நாள் தேய்த்தது. "இப்படி ஊதி விடுடா கண்ணு, தூளு போயிடும்" என்று ஷாமளாதான் ஊதிக் காட்டினாள். ஊருக்கெல்லாம் சொன்னாள், என் லோஷினி மாதிரி வேலைக்காரி உண்டா என்று. மூன்று நாளும் முறுக்கைக் கையில் கொடுத்தாள். அந்தக் கையாலேயே அது தின்றது.

"இல்ல தம்பி. யாரும் சுரண்டல" என்றாள் ஷாமளா.

இனிமேல் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது, ஈரத்துணியால் துடைத்துவிட்டு மேலே தார்ப்பாய் போட்டு மூடுங்கள், பிள்ளைகளை விடாதீர்கள் என்று சொல்லி, குணாளன் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனான். மற்ற மூன்று பிள்ளைகளையும் அன்றைக்கே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்திகூட அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் ருக்னுதீன் பாய் வந்தார். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர். மத்தியானக் கூட்டம் முடிந்த கையோடு, மீன் பொரித்த வாசத்தோடு வந்து நின்றார்.

"ஏம்மா ஷாமளா, வீடு குடுக்கும்போது கோலமும் போட்டுக் குடுத்தேனா நானு? இலாகாவுலேர்ந்து எனக்கு நோட்டீஸ் வருது. அஞ்சு வேளை தொழுவுறவன் வாசல்ல தாமரைப்பூ போட்டானாம். எட்டு மயிலு வேற!"

"பாய், அது வந்து…"

"உங்களுக்கு முன்னாடி இந்த வீட்ல இருந்தது எந் தங்கச்சி மஹ்மூதா. அவளா போட்டா? பொய் சொன்னாலும் பொருந்துற மாதிரி சொல்லக் கூடாதாம்மா? ஒம்போது வருசமா ஒரு வார்த்தை உங்கள நான் கேட்டிருப்பேனா? பொங்கல் முடிஞ்சதும் வீட்டக் காலி பண்ணிருங்க."

சதாசிவம் உள்ளே படுத்திருந்தான். தூங்குகிற மாதிரி. பாய் போகிற வரைக்கும் ஷாமளாவே நின்று வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பசாரில் மீன் வாங்கும்போது சாந்தினியைப் பார்த்தாள். மற்ற பெண்கள் இவளைக் கண்டதும் கூடையை நகர்த்திக்கொண்டு ஒதுங்கினார்கள். ஷாமளா விடவில்லை, நேரே போனாள்.

"பிள்ளை எப்புடிடி இருக்கு? வார்டுலேர்ந்து விட்டுட்டாங்களாமே?"

சாந்தினி கெம்போங் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருக்கு."

"நீ வேலைக்குப் போனா யாருடி பாத்துக்குவா?"

"கோயில் பாலர் பள்ளியில சேத்துட்டேன். நாளைக்குத் தொறக்குது. காலையில ஆறரைக்கே விடலாம், நான் வர்ற வரைக்கும் பாத்துக்குவாங்க. அங்க எல்லாம் புதுசா பெயிண்ட் அடிச்சு, சறுக்கு, நொண்டிக் கட்டம் எல்லாம் பளபளன்னு இருக்கு. உங்க வாசல் மாதிரி இல்ல."

ஷாமளாவின் கையிலிருந்த மீன் பை நழுவி விழுந்தது. சாந்தினி குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அடிப் பாவி, உனக்குத் தெரியாதே! போன நவம்பரில் பாலர் பள்ளியில் கோத்தோங் ரோயோங் நடந்தது. ஊரே கூடிப் புல் வெட்டி, கூரை மாற்றி, பெயிண்ட் அடித்தார்கள். அந்தச் சறுக்குமரம், படிக்கட்டு, நொண்டிக் கட்டம் எல்லாம் அடித்தது யார்? சதாசிவம். கோயில் கமிட்டிக்காரர் அவனுக்குத் துண்டு போட்டு, மைக்கில் பேர் சொல்லிக் கைதட்ட வைத்தார். அத்தனையும் கம்பனி மஞ்சள்.

வீட்டுக்கு வந்தால் சதாசிவம் எங்கிருந்தோ தரை தேய்க்கிற மெஷின் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் வயரை இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"அரைச்சு எடுத்துர்றேன். மறுபடி வந்து பாத்தாங்கன்னா வெறும் சிமெந்துதான் இருக்கும். கேஸே இல்ல."

"அரைச்சா அந்தத் தூளு எங்க போவும்? பக்கத்து வீட்லயும் பிள்ள இருக்கு. அந்தத் தம்பி படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாரா இல்லையா?"

"அவன் சொல்லுவான். வேலை போறது எனக்கா, அவனுக்கா? கம்பனிச் சாமான எடுத்தேன்னு தெரிஞ்சா மொதலாளி தவுக்கே போலீஸ்ல குடுப்பான். இருபது வருசம்! அடுத்த மாசம் ஆளுங்களுக்கு மேல மண்டோர் ஆக்குறேன்னு சொல்லியிருக்கான்."

"பாலர் பள்ளிக்கு அடிச்சதும் இதே வாளிதானே?"

அவன் பிளக்கைச் சொருகினான்.

"கேக்குறேன்ல? லோஷினி நாளையிலேர்ந்து அங்கதான் இருக்கப் போவுது. அது மட்டுமா, முப்பது பிள்ளைங்க!"

"நீ வாயத் தொறக்காத. அவ்ளோதான். நான் கெட்ட எண்ணத்துலயா அடிச்சேன்? டின்னுல விஷம்னு எழுதியா இருந்துச்சு? எல்லாரும் கை தட்டுனாங்க, நீயுந்தான் தட்டுன. ரோட்டுல பாதி ஆயுசு அந்தப் பெயிண்ட்டுல குளிச்சிருக்கேன், நான் செத்தா போயிட்டேன்?"

"உங்களுக்கு ராத்திரியில கை நடுங்குதே, அது எதுனாலன்னு நெனைச்சீங்க?"

அவன் கையை ஓங்கினான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஷாமளா நகரவில்லை. "அடிங்க. அடிச்சிட்டு அந்த மெஷினத் தொடுங்க பாப்போம்" என்றாள். அவன் கை அப்படியே நின்றது. அவள் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள், வாளித் தண்ணீரைத் தூக்கி மெஷின்மேல் கவிழ்த்தாள். அவன் எதிரிலேயே குணாளனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நான் ஷாமளா பேசுறேன். அந்தப் பெயிண்ட்டு எங்க வீட்டுக்காரர் வேலையிலேர்ந்து கொண்டாந்தது. பாய்க்கு ஒண்ணும் தெரியாது. கோயில் பாலர் பள்ளியிலயும் அதான் அடிச்சிருக்கு."

சதாசிவம் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான். "கெடுத்துட்டியே, பாவி" என்று மட்டும் சொன்னான்.

குணாளன் நாளைக்கு எட்டரைக்கு வருவதாகச் சொன்னான். அதுவரைக்கும் பிள்ளைகளை விளையாட விட வேண்டாமென்று டீச்சருக்குத் தகவல் சொல்லச் சொன்னான். "நல்லதாப் போச்சுக்கா, சொன்னீங்க. மறுபடி கேக்குறேன், உங்க வீட்ல யாரும் சுரண்டலதானே?"

"இல்ல தம்பி." பிள்ளைகளைச் சுரண்ட வைத்த கதையை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. மற்றதெல்லாம் புருஷன் செய்தது. இது அவள் செய்தது.

டீச்சருக்கு ஆறு தரம் போன் போட்டாள். எடுக்கவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும், சாட்சிக்குக் காலி வாளியையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போனாள். வானம் மூடிக் கிடந்தது. பாலர் பள்ளி கேட்டில் சாந்தினி பிள்ளையை விட்டுவிட்டு மோட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அலமாக், இங்கயும் வந்துட்டீங்களா? எம் பிள்ளை பின்னாடியே சுத்துவீங்களா?"

"சாந்தினி, திட்டு. அப்புறமா எவ்ளோ வேணும்னாலும் திட்டு. மொதல்ல பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா. இங்க அடிச்சிருக்கிறதும் அதே மஞ்சள். எங்க வீட்டுக்காரர் அடிச்சது. இந்தா, வாளி."

சாந்தினி வாளியைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். "பொய்யி. நீங்க பிள்ளை கிடைக்கலன்னு வயித்தெரிச்சல்ல…"

"குணாளன் தம்பி எட்டரைக்கு வர்றாரு. அவருகிட்டயே கேளு. சத்தியமா சொல்றேன்டி, வா."

சாந்தினி மோட்டோவை ஸ்டாண்டு போடாமலே விட்டாள், அது பின்னால் சாய்ந்து விழுந்தது. இரண்டு பேரும் ஓடினார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சமையல் கட்டில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். ஏழெட்டுப் பிள்ளைகள் சறுக்குமரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. தகரக் கூரைக்கடியில், நொண்டிக் கட்டத்துக்கு நடுவில், லோஷினி மட்டும் தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது.

கையில் ஒரு உடைந்த ஓட்டுத்துண்டு. நாக்கைத் துருத்திக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தேய்க்கும், அப்புறம் குனிந்து, கன்னத்தை உப்பி, ஊதும். உள்ளங்கை, மூக்கு நுனி எல்லாம் மஞ்சள். ஊசி குத்திய நீலம் இன்னும் கையில் ஆறவில்லை.

ஷாமளாவைக் கண்டதும் அதற்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆண்ட்டி! வந்துட்டீங்களா? பொங்கல் வருதுல்ல, நான் தேய்க்கிறேன் பாருங்க. ரெண்டு கட்டம் முடிச்சிட்டேன். முறுக்கு கொண்டாந்தீங்களா?"

சாந்தினி பாய்ந்துபோய் அந்தக் கையிலிருந்த ஓட்டுத்துண்டைப் பிடுங்கி எறிந்தாள். பிள்ளை பயந்து உதட்டைப் பிதுக்கியது. "யாருடி இது? இப்புடித் தேய்க்க, இப்புடி ஊத யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

லோஷினி ஷாமளாவைத்தான் பார்த்தது, நல்லாத் தேய்த்தேன்தானே என்று கேட்கிற மாதிரி.

ஷாமளா வாளியைக் கீழே வைத்தாள்.

"நான்தான்" என்றாள்.